நிமிடத்துக்கு எண்பது சென்ட்

டொலீடோவில் நவம்பர். ஹீட்டர் பழுது.
கோட்டோடு உட்கார்ந்து
காதில் மாட்டிக்கொள்கிறேன்
ஒரு போலீஸ்காரரின் மார்பை.

அங்கேதான் கேமராவைப் பொருத்தியிருக்கிறார்கள்.
எனக்குப் படம் வராது, ஒலி மட்டும்.
கேட்டதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும்,
நிமிடத்துக்கு எண்பது சென்ட்.

அப்படியே என்றால் முழுக்க அப்படியே இல்லை.
நிறுவனத்தின் விதித்தாள் திரையோரம் ஒட்டியிருக்கிறது:
காவலர்களுக்குப் பெயர் வேண்டாம்,
அதிகாரி ஒன்று, அதிகாரி இரண்டு.
இருமல், செருமல் விட்டுவிடலாம்.
ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால்
ஒரு முறை எழுதினால் போதும்.

முதலில் வைப்பரின் சத்தம்.
கண்ணாடி இறங்க, மழை உள்ளே வருகிறது.
ரொட்டி விநியோக வண்டி. பின்விளக்கு எரியவில்லையாம்.
ஆண் குரல் தன் பெயரை எழுத்துக் கூட்டுகிறது:
கெல்வின் ப்ரூயிட், கடைசியில் இரண்டு டி.
எத்தனையோ கவுன்ட்டர்களில்
சொல்லிச் சொல்லிச் சலித்த கூட்டல்.

அதிகாரி ஒன்று: இறங்கு.
அதிகாரி ஒன்று: மண்டி போடு.
ஆண் குரல்: முடியாது.

இங்கே நிறுத்திப் பின்னால் ஓட்டினேன்.
முடியாது சார், முட்டியில் பிளேட்
என்பதுவரை வருகிறது.
மிச்ச வாக்கியம்
அவரோடு சேர்ந்து தரையில் விழுகிறது.

முடியாது என்றால் இயலாது.
முடியாது என்றால் மாட்டேன்.
அவர் முதலாவதைச் சொன்னார்,
அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள்.
தாளில் ஏறியபின் இரண்டும் ஒன்றுதான்,
எழுத்துக்குத் தொண்டை கிடையாதே.

பதினொரு முறை சொன்னார். எண்ணினேன்.
மூன்றாவது கொஞ்சம் கோபம் மாதிரி.
ஐந்தாவது கெஞ்சல்.
எட்டாவதில்
தெருக்கோடியில் போகும் யாரையோ கூப்பிடுவதுபோல.
பதினொன்றாவது வெறும் மூச்சு,
முந்தைய பத்தையும் கேட்ட காதுக்குத்தான்
அது சொல் என்று தெரியும்.

பிறகு சின்னதாக ஒரு பீப்.
யாரோ ஒலியை அணைத்திருக்கிறார்கள்.
நான்கு நிமிடம், பன்னிரண்டு நொடி.
இதற்கும் விதித்தாளில் ஒரு சொல் உண்டு:
கேட்கவில்லை.
அதைத் தட்டினேன்.

அந்த நான்கு நிமிடத்துக்கும் கூலி வந்தது,
மூன்று டாலர் முப்பத்தாறு சென்ட்.
ஒரு ரொட்டி வாங்கலாம்.
வாங்கினேன்.

ஒலி திரும்பும்போது ரேடியோ ஆம்புலன்ஸைத் தேடுகிறது.
அதிகாரி இரண்டு: என் பூட்ஸ் போச்சு, பாரு.
அதிகாரி ஒன்று: (சிரிப்பு)

ஏப்ரலில் செய்தித்தாளில் வந்தது.
என் பக்கங்களைப் படித்த நடுவர் குழு
வழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்றது.
ஆறு வாரம் சம்பளத்தோடு வீட்டில் இருந்தவர்கள்
வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.
குடும்பத்துக்கு நகராட்சி பணம் கொடுத்தது,
தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்.
என் வரியும் அதில் இருக்கிறது.
அறிக்கையில், மேற்கோள் குறிக்குள்,
நான் தட்டிய ஒரே சொல்:
மண்டியிடச் சொன்னபோது 'முடியாது' என மறுத்தார்.

ஒரு முறை.

ஒலி ஏன் நின்றது,
யார் விரல் அது,
அந்த நான்கு நிமிடம் எங்கே என்று
அந்த அறையில் யாரும்
கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி கோப்பை அழித்தாயிற்று.
மார்ச்சிலேயே, இது தெரிவதற்கு முன்பே.
நேற்றிரவு நினைவிலிருந்து பதினொரு வரி எழுதி
ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு அனுப்பினேன்.
காலையில் பதில்:
விதி நான்கைப் பார்க்கவும். நன்றி.

ஹீட்டரைச் சரிசெய்துவிட்டார்கள்.
புதிய கோப்பு வந்திருக்கிறது, வேறொரு மார்பு.
மாடிப்படி. சாவிக்கொத்து. யார் வீட்டுக் கதவையோ
தட்டுகிறார்கள்.
விதித்தாளைத் திரையிலிருந்து உரித்துவிட்டு
நானும் தட்டுகிறேன், ஒன்றுவிடாமல்:

தட்.
தட்.
தட்.